காலி பாக்கெட் சொன்ன கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிறு தொழில் செய்கிறவர்கள் இணையத்தில் விளம்பரம் செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். 'எப்படி' என்பதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிற பையனிடம் போனைக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் ஒரு ரீல் எடுத்து, பாட்டும் சேர்த்துப் போட்டுவிடுவான். நான் பேசப்போவது 'எதற்கு', 'எவ்வளவு' என்ற இரண்டு கேள்விகளைப் பற்றி. இந்த இரண்டும் இல்லாமல் 'எப்படி'யை மட்டும் வைத்துக்கொண்டு பல கடைக்காரர்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் கல்லாவைப் பார்த்தால் பழைய கல்லாதான்.

இது யாரோ நாலு பேர் பிரச்சினை இல்லை. இந்த அரங்கில் இருக்கிற மாணவர்களில் எத்தனை பேருடைய கல்லூரிக் கட்டணம் ஒரு கடையிலிருந்தோ பட்டறையிலிருந்தோ வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பண்ருட்டியில் முந்திரி, குறிஞ்சிப்பாடியில் தறி, விருத்தாசலத்தில் பீங்கான் சூளை, சிதம்பரம் தேரோடும் வீதிகளில் பாத்திரக்கடை, பூக்கடை, சாப்பாட்டுக்கடை. முன்பெல்லாம் வாடிக்கையாளர் தெருவில் நடந்து வந்தார். இப்போது முதலில் போனில் நடக்கிறார், பிறகுதான் தெருவுக்கு வருகிறார். போனில் நம் கடை தென்படவில்லை என்றால் அடுத்த வருஷம் தங்கையின் கட்டணத்துக்கு அப்பா கடன் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

இதற்குப் பாடம் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். நம் கடலூரிலேயே இருக்கிறது.

1983-ல் சி.கே. ரங்கநாதன் என்ற இளைஞர், கையில் 15,000 ரூபாயோடு வீட்டை விட்டுத் தனியே வந்து, கடலூரில் 'சிக்' ஷாம்பு தொடங்கினார். அப்பா சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று யோசித்துச் செய்து காட்டியவர். பாட்டில் வாங்க முடியாத கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து வந்ததுதான் 'சிக்'. வாடகை இடத்தில், ஒரு பாக்கெட் போடும் மெஷினோடு ஆரம்பித்த அந்தத் தொழில்தான் பிற்பாடு, 1998-ல், 'கெவின்கேர்' என்று பெயர் மாறியது.

அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கம்பெனி ஷாம்பு பாக்கெட்டானாலும் சரி, ஐந்து காலி பாக்கெட்டைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில காலம் கழித்துத் திட்டத்தை மாற்றினார்: காலி பாக்கெட் ஐந்தும் சிக்காகவே இருக்க வேண்டும். அதற்குள் சிக் பழகிப்போனவர்கள், கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ஆயிற்று. மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்ததும் 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் வந்த பிறகு ஒரு கோடி. இவை அவரே பேட்டிகளில் சொன்ன கணக்கு.

ஷாம்பு பழக்கமே இல்லாத கிராமங்களுக்குப் போய், ஒரு பையன் தலைக்கு எல்லோர் முன்னிலையிலும் ஷாம்பு போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றும் காட்டினார்கள். ரஜினிகாந்த் படம் போட்டு நடுவில் விளம்பரம் காட்டினார்கள். இன்றைக்கு நாம் செயல்முறை வீடியோ என்று போடுகிறோமே, அது கம்ப்யூட்டர் இல்லாமலேயே நடந்திருக்கிறது.

இந்தக் கதையில் நான் ஒரு பொறியாளனாகப் பார்ப்பது அந்தக் காலி பாக்கெட்டை. விளம்பரத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதை அது சொல்லவில்லை. வாங்கி, பிரித்து, தலையில் போட்டுக் குளித்தவர் எத்தனை பேர் என்பதைச் சொன்னது. அதுதான் அளவுகோல். நம் ஆட்கள் 'வீடியோ பத்தாயிரம் பேர் பார்த்தாச்சு சார்' என்கிறார்கள். சந்தோஷம். அதில் காலி பாக்கெட் எத்தனை திரும்பி வந்தது?

இப்போது இலக்கு விஷயத்துக்கு வருகிறேன். எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். 'உன்னால் முடிந்த அளவு செய்' என்று சொல்லி விடப்பட்டவர்களைவிட, குறிப்பிட்ட, கொஞ்சம் கஷ்டமான இலக்கு தரப்பட்டவர்கள் அதிகம் செய்து முடித்தார்கள் என்பது அவர் கண்டது. 'ஆன்லைனில் வியாபாரத்தைப் பெருக்கணும்' என்பது ஆசை. 'தை மாதத்துக்குள் மாதம் நாற்பது பழைய வாடிக்கையாளர் மறுபடி வாங்க வேண்டும்' என்பது இலக்கு. வித்தியாசம் என்னவென்றால், இரண்டாவதில் தோற்றால் தோற்றது தெரியும். முதலாவதில் எப்போதும் தோற்க முடியாது. ஜெயிக்கவும் முடியாது.

ஆனால் இலக்கிலும் இரண்டு வகை உண்டு. ஆர்டர் எத்தனை வரும் என்பது முழுக்க நம் கையில் இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இங்கே பல பேர் நேரில் பார்த்திருப்பீர்கள். நட்ட மரம் காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். எந்த விற்பனை இலக்கும் அதன் முன் நிற்காது. இணையத்திலும் புயல் வரும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அதை மட்டுமே நம்பிக் கடை பரப்பியிருந்தவர்களுக்குச் சேர்த்த கூட்டமெல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று. வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, தனியே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளை இருந்தது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு விற்பனை இலக்கு வையுங்கள். அதற்குக் கீழே, முழுக்க நம் கையில் இருக்கிற வார வேலை இலக்கு ஒன்றும் வையுங்கள். வாரம் மூன்று நல்ல படம். இருபது பழைய வாடிக்கையாளரிடம் விசாரிப்பு. கேட்டவருக்கு அரை மணிக்குள் பதில். புயல் அடித்தாலும் இதைச் செய்யலாம்.

நான்கு எண்களை மட்டும் வாராவாரம் எழுதுங்கள்: பார்த்தவர், கேட்டவர், வாங்கியவர், திரும்ப வந்தவர். ஒரு முந்திரிக் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 1,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டார். 5,000 பேர் பார்த்தார்கள். 50 பேர் வாட்ஸ்அப்பில் விலை கேட்டார்கள். 10 பேர் வாங்கினார்கள். கூரியர், பேக்கிங் எல்லாம் போக ஒரு பாக்கெட்டில் லாபம் 80 ரூபாய். பத்துக்கு 800. ஆக 200 ரூபாய் நஷ்டம். 'ஆன்லைனெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று இங்கேயே பல பேர் கடையைச் சாத்திவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பத்துப் பேரில் மூன்று பேர் அடுத்த ஆறு மாதம் மாதம் ஒரு பாக்கெட் வாங்கினால் 18 பாக்கெட், 1,440 ரூபாய். அதற்கு விளம்பரச் செலவு கிடையாது. நஷ்டம் 200 போக 1,240 ரூபாய் லாபம். இன்னொன்றும் பாருங்கள். கேட்ட ஐம்பது பேரில் நாற்பது பேர் ஏன் போனார்கள்? விலையைப் போடாமல் 'இன்பாக்ஸில் வரவும்' என்று எழுதியதாலா? மறுநாள் பதில் சொன்னதாலா? கூரியர் கட்டணத்தைக் கடைசியில் சொன்னதாலா? இதைச் சரிசெய்து பத்தைப் பதினைந்தாக்கினால், அதே விளம்பரத்தில் 1,200 ரூபாய் வந்துவிடும். ஆக, நஷ்டம் வந்ததும் எல்லோரும் 'பார்த்தவர்' எண்ணை ஏற்றத்தான் ஓடுகிறோம். ஓட்டை இருப்பதோ பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது எண்களுக்கு நடுவில். ஒழுகுகிற தொட்டிக்குப் பெரிய மோட்டார் போட்டால் கரண்ட் பில்தான் ஏறும்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் 1955-ல் எழுதினார்: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவுக்கும் அது பெருத்துக்கொள்ளும் என்று. இணைய விளம்பரத்துக்கு இது அப்படியே பொருந்தும். படம் போடப் போனைக் கையில் எடுத்தவர், அரை மணி கழித்து யாரோ மீன் குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் யோசனை, நாளைக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். கடையில் கூட்டம் இல்லாத பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிஷம் கேட்டவர்களுக்குப் பதில், அடுத்த இருபது பழைய வாடிக்கையாளர், கடைசி இருபதுதான் புதுப் படம், வீடியோ. வரிசையை மாற்றாதீர்கள். அவசரமாக விலை கேட்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ். விலைப் பட்டியல், தயார் பதில், கடை மூடியிருக்கும்போது தானாகப் போகும் செய்தி எல்லாம் அதில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதற்கும் காசு கிடையாது. சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கி 'பக்கத்தில் சாப்பாடு' என்று தேடுகிறவருக்கு, திறக்கும் நேரமும் நாலு படமும் சரியாக இருந்தால் அதுவே பெரிய விளம்பரம்.

நம் ஊருக்கு இன்னொரு வசதி உண்டு. கூட்டம் வரும் தேதி முன்கூட்டியே பஞ்சாங்கத்தில் இருக்கிறது. மார்கழித் திருவாதிரை, ஆனித் திருமஞ்சனம், 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலி, வடலூரில் தைப்பூச ஜோதி தரிசனம், கோடையில் பலா. பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் விழித்துக்கொள்ளாமல், ஆறு வாரம் முன்பே வேலை இலக்கைப் பிரித்துப் போடுங்கள். 2025-ல் பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் முறைப்படி பதிவு செய்துகொண்டு பயன்படுத்தினால் விளம்பரத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி. 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு, தம் மாநிலத்துக்குள் ஆன்லைன் சந்தைகள் வழியே சரக்கு விற்கலாம். வெளிமாநிலத்துக்கு விற்பதென்றால் முறையான ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உங்கள் கணக்கரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கணக்கு என்றதும் ரங்கநாதன் சொன்ன இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது. ஈடு காட்டச் சொத்து இல்லாததால் முதல் வங்கிக் கடன் கிடைக்க அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. கடைசியில் 25,000 ரூபாய் கடன் கொடுத்த மேலாளர், ஈடு எதுவும் இல்லை, ஆனால் இந்தச் சின்னக் கம்பெனி வருமான வரி கட்டுகிறது என்று குறிப்பு எழுதினாராம். நோட்டில் எழுதிவைத்த எண்தான் அவருக்கு ஈடாக நின்றது.

முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் முன்னாள் மாணவர் ஒருவர், இந்நாள் மாணவர் ஒருவர், உள்ளூர்க் கடை ஒன்று. இப்படி மூன்று பேரைச் சேர்த்துத் தொண்ணூறு நாள் விடுவோம். மாணவர் படம் எடுக்கட்டும், நான்கு எண்களை எழுதட்டும். முன்னாள் மாணவர் ஞாயிற்றுக்கிழமை அரை மணி போனில் பேசி அந்த எண்களைக் கேட்கட்டும். யாராவது ஒருவர் வாராவாரம் கேட்கிறார் என்றால்தான் நோட்டு எழுதுவோம். இது மனுஷ சுபாவம். சங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. பத்துக் கடையோடு ஆரம்பித்தால் போதும். முதல் கடைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு மலரில் என் உரை வேண்டாம். அந்தப் பத்து நோட்டின் கடைசிப் பக்கத்தை, லாபமோ நஷ்டமோ, உள்ளது உள்ளபடி அச்சடியுங்கள். பின்னால் வருகிற மாணவர்களுக்கு அது என் பேச்சைவிட உபயோகமாக இருக்கும்.

பின்வரிசைத் தம்பிகளே, சாப்பாடு தயாராம், போகலாம்.