ஜோ ஹாரியட்டின் ஆல்ட்டோ



சாக்ஸபோன் என்றதும் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் கத்ரி கோபால்நாத். ‘டூயட்’ படத்தில் அவர் வாசித்ததைக் கேட்டு உருகாத காது உண்டா? அவர் கையில் இருந்தது ஆல்ட்டோ சாக்ஸபோன். அதே ஆல்ட்டோவை 1950களிலும் 60களிலும் லண்டனில் வாசித்த ஒருவரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். பெயர் ஜோ ஹாரியட். ஜாஸ் இசையை நெடுநாள் கேட்டவர்களில்கூடப் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது.

நான் அவரிடம் சுற்றுவழியில்தான் போய்ச் சேர்ந்தேன். 1966இல் வெளிவந்த ‘இண்டோ-ஜாஸ் சூட்’ என்ற இசைத்தட்டைச் சித்தாருக்காகவே கேட்கத் தொடங்கினேன். கல்கத்தாவில் பிறந்து லண்டனில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த ஜான் மேயர் எழுதிய இசை அது. சித்தார், தபலா, தம்பூரா, புல்லாங்குழல் எல்லாம் ஒரு பக்கம், ஜாஸ் குழு மறுபக்கம். இரண்டும் பல இடங்களில் ஒட்டாமலே நிற்கின்றன. ஆனால் நடுவே ஆல்ட்டோ நுழைந்ததும் என் கவனம் சித்தாரை விட்டுப் போய்விட்டது. ஓரம் கூர்மையான நாதம். ஏங்குவது போலவும் இருக்கும், சண்டைக்கு வருவது போலவும் இருக்கும். யார் இவர் என்று தேடியபோதுதான் அவருடைய பெரிய சாதனை அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்திருந்தது தெரிந்தது.

ஹாரியட் 1928இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் வளர்ந்தார். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தப் பள்ளியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுத் தந்தார்கள். அங்கிருந்து வந்த இசைக் கலைஞர்கள் ஏராளம். 1951இல் லண்டன் வந்த ஹாரியட், அமெரிக்க ஆல்ட்டோ மேதை சார்லி பார்க்கரின் வழியில் அசுர வேகத்தில் வாசிக்கக்கூடியவர் என்று சீக்கிரமே பெயரெடுத்தார். அந்தப் பெயரோடு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

1958இல் காசநோய் அவரை மருத்துவமனைப் படுக்கையில் தள்ளியது. புதிய இசை ஒன்றை அவர் யோசிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். நுரையீரல் நோயோடு படுத்திருக்கும் ஒரு ஊதுகலைஞர், இதுவரை ஊதியதை விட்டுவிட்டு வேறொன்றை மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அப்படிப் பிறந்ததுதான் 1960 நவம்பரில் லண்டனில் பதிவான ‘ஃப்ரீ ஃபார்ம்’ என்ற இசைத்தட்டு. ஆல்ட்டோ கலைஞர் ஆர்னெட் கோல்மன் அமெரிக்காவில் தம்முடைய ‘ஃப்ரீ ஜாஸ்’ இசைத்தட்டைப் பதிவு செய்தது அதற்கு அடுத்த மாதம். கோல்மனின் புதுவழித் தட்டுகள் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தன என்பதால், ஹாரியட் அவரைப் பின்பற்றுகிறார் என்று சொன்னவர்கள் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தப் பேச்சு நிற்காது. கோல்மன் பியானோவை விலக்கிவிட்டார். ஹாரியட் வைத்துக்கொண்டார். கோல்மனின் குழுவில் பாஸும் டிரம்ஸும் பெரும்பாலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே குழல்கள் பறக்கும். ஹாரியட்டின் குழுவில் அடியில் ஓடுபவர் என்று யாருமில்லை. ஐந்து பேரும் பேசுகிறார்கள். ஒருவர் வாக்கியத்தைப் பாதியில் விட, இன்னொருவர் எடுக்கிறார். சட்டென்று எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். அந்த மௌனமும் வாசிப்பில் சேர்த்தி.

அவர் தமக்கு வைத்துக்கொண்ட விதியும் அழகானது. சீரான தாளம், மாறாத நடை, மெட்டு, சுர அடுக்குகளின் வரிசை, பகுதிகளின் அளவு என்று ஜாஸுக்குச் சில தூண்கள் உண்டு. எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், ஆனால் ஒவ்வொரு உருப்படியிலும் ஒன்றாவது நிற்கவேண்டும் என்றார் ஹாரியட். நம் கச்சேரியில் ஆலாபனையின்போது தாளம் இல்லை. ஆனாலும் ராகம் பிடித்துக்கொள்கிறது, நாம் தொலைந்துபோவதில்லை. ஹாரியட்டின் இசையில் எந்தத் தூண் நிற்கும் என்பது உருப்படிக்கு உருப்படி மாறும். ‘ஃப்ரீ ஃபார்ம்’ தட்டில் உள்ள ‘கேலிப்ஸோ ஸ்கெட்சஸ்’ கேளுங்கள். கரீபியத் தீவுகளின் ஆட்ட நடை ஒன்று வரும், சிதறும், மறுபடி கூடும்.

குழுவைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்த டிரம்பெட் கலைஞர் ஷேக் கீன் ஒரு கவிஞரும்கூட. ‘ஷேக்’ என்பது ஷேக்ஸ்பியர் மீதிருந்த பற்றால் வந்த பெயர். ஜமைக்காக்காரரான கோல்ரிட்ஜ் குட் பாஸ் வாசித்தார், நூறு வயது வாழ்ந்து 2015இல் மறைந்தார். பியானோவில் பாட் ஸ்மைத், டிரம்ஸில் ஃபில் சீமன்.

அடுத்து வந்த ‘அப்ஸ்ட்ராக்ட்’ தட்டுக்கு அமெரிக்காவின் ‘டவுன் பீட்’ பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அதற்கு மேல் அங்கே மதிப்பெண் கிடையாது. ஆனாலும் லண்டன் கிளப்புகளில் இந்த இசைக்குக் கூட்டம் சேரவில்லை. பழகிய உருப்படிகளுக்கு நடுவே ஒன்றிரண்டாகத்தான் இதை வாசிக்க முடிந்தது. 1965இல் கீன் ஜெர்மனிக்குப் போனார், குழு கலைந்தது. பிரிட்டனின் புது இசைக்கு வரலாறு எழுதும் பலர் அதற்குப் பின் வந்த வெள்ளையினக் கலைஞர்களிடமிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். அது அநியாயம் என்று இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

கடைசி ஆண்டுகளில் கையில் காசில்லை, உடம்பில் தெம்பில்லை. ஊர் ஊராகப் போய் அங்கங்கே கிடைத்த உள்ளூர்க் குழுக்களோடு வாசித்தார். 1973 ஜனவரி 2 அன்று சவுத்தாம்ப்டனில் புற்றுநோயால் இறந்தபோது வயது 44.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன், 1969இல், கோவா வழிவந்த கிட்டார் கலைஞர் அமான்சியோ டிசில்வாவோடு அவர் வாசித்த ‘ஹம் தோனோ’ வெளிவந்தது. இந்தியில் ‘நாம் இருவரும்’ என்று பொருள். மேயரின் இசையில் ஒட்டாமல் நின்றதெல்லாம் இதில் இயல்பாகக் கலந்திருக்கிறது. இதில் உள்ள ‘பாலட் ஃபார் கோவா’வில் ஹாரியட் எதையும் நிரூபிக்க முயலவில்லை, மெல்லப் பாடுகிறார். பல பத்தாண்டுகள் இது சேகரிப்பாளர்களின் அலமாரியில் மட்டுமே இருந்தது. இன்று எவரும் கேட்கலாம்.

நீங்கள் ‘ஃப்ரீ ஃபார்ம்’ கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சின்ன யோசனை. முதல் முறை ஆல்ட்டோவைத் தொடராதீர்கள், கோல்ரிட்ஜ் குட்டின் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அவர் நடப்பார், நிற்பார், திரும்புவார். அவர் நிற்கும் இடத்தில்தான் ஹாரியட் வாய் திறக்கிறார்.