ஆற்றோர நடை

மலைநாட்டு மக்களுக்கு நடை புதிதன்று. கொழுந்தெடுக்கும் பெண் விடியலில் பிரட்டுக்களத்துக்கு நடக்கிறாள். அங்கிருந்து மலைக்கு ஏறுகிறாள். கொழுந்துச் சுமையுடன் நிறுவைக்கு இறங்குகிறாள். வாரம் முழுவதும் இவ்வாறு நடந்தவளை ஞாயிற்றுக்கிழமையும் நடக்க வருமாறு அழைத்தால் அவள் சிரிப்பது இயல்பே. ஆயினும் வேலைக்காக நடப்பது வேறு. குடும்பத்தோடு கூடிக் களிப்புற நடப்பது வேறு. முன்னதில் காலம் கங்காணியின் கையில் இருக்கிறது; பின்னதில் அது குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தச் சில மணி நேரத்தை இனிதாக்குவது முன்கூட்டிய ஏற்பாடே.

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக மேலேறிச் சென்றால், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் டயகம தோட்டத்தைக் காணலாம். ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்துள்ள அச்சமவெளி 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாயிற்று. 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். டயகமவிலிருந்து ஏறுவதாயின் உறுதியான கால்களும் வேண்டும். பாட்டியும் நான்கு வயதுப் பேரனும் உள்ள குடும்பத்துக்கு அவ்வேற்றம் உகந்ததன்று. அவர்களுக்கு ஏற்றவை ஆக்ரா ஓயாவின் பள்ளத்தாக்கில் உள்ள தார் வீதியும், கொங்கிறீட்டு இட்ட தோட்டப் பாதைகளுமே. மழைக்குப் பின்னரும் அவற்றில் சேறு குறைவு, அட்டைக்கடியும் குறைவு.

நடையின் அளவை வலிமையுள்ளவர் தீர்மானிக்கலாகாது. முழங்கால் வலிக்கும் முதியவரும் அடிக்கடி நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையுமே அதனைத் தீர்மானிக்க வேண்டும். வளர்ந்தவர் சமதரையில் மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீற்றர் நடப்பார். குழந்தையுடன் செல்பவர்கள் இரண்டு கிலோமீற்றர் என்று கணக்கிடுவதே நன்று. ஆகவே தூரத்தை எண்ணாமல் நேரத்தை எண்ண வேண்டும். இரண்டு மணி நேர நடையாயின், ஐம்பது நிமிடம் சென்றதும் எவ்விடமாயினும் திரும்பிவிட வேண்டும். மேலும், முதலில் ஆற்றின் மேற்போக்காக நடப்பது அறிவுடைமை. களைப்பில்லாதபோது மெல்லேற்றம் தெரியாது. களைத்துத் திரும்பும்போது பாதை இறக்கமாக இருக்கும்.

காலமும் கருதத்தக்கது. ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் மழை குறைவு, விடியற்குளிரோ மிகுதி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொணரும். ஏப்பிரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை தெளிவாயிருந்து பிற்பகலில் இடி முழங்குவது வழக்கம். எந்த மாதமாயினும் காலை எட்டு மணியளவில் புறப்பட்டு நண்பகலுக்குள் வீடு சேர்வதே சிறந்தது.

ஆற்றங்கரையில் அச்சம் வேண்டியதில்லை, எச்சரிக்கை வேண்டும். கீழே வெயில் காயும்போதே மேலே சமவெளியில் மழை பெய்யக்கூடும். தெளிந்த நீர் கலங்கினாலும், சுள்ளிகளும் சருகுகளும் மிதந்து வந்தாலும், நீரின் இரைச்சல் திடீரென மிகுந்தாலும் உடனே கரையை விட்டு மேலேற வேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் மாண்டன. எனவே, வெடிப்புக் கண்ட சரிவின் கீழும், புதிதாக மண் விழுந்த இடத்திலும் இளைப்பாற அமரலாகாது. முதல் நாள் பெருமழை பெய்திருந்தால் நடையை ஒத்திவைப்பதில் இழுக்கில்லை.

மரங்களில் குளவிக்கூடு உண்டா என்று பெரியவர்கள் முன்னே பார்த்துச் செல்ல வேண்டும். ஒரு சிறுவன் எறியும் கல் பலரின் உயிருக்கு ஆபத்தாகலாம். நடைபாதையில்லாத வீதியில் வலப்புறமாக நடந்தால் எதிரே வரும் வாகனம் கண்ணிற்படும். குழந்தையை வீதியின் ஓரப்பக்கமாகப் பிடித்துச் செல்ல வேண்டும். ஓடை நீர் எவ்வளவு தெளிவாயினும் குடிக்கத்தக்கதன்று. தேயிலைக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் இடும் உரமும் மருந்தும் மழையோடு அதிற் கலக்கக்கூடும். கொதித்தாறிய நீர், தேங்காய் ரொட்டி, சம்பல், ஒரு போத்தல் தேநீர், ஒரு குடை, குழந்தைக்கு மாற்றுடை ஆகியவை போதும். இவற்றை முதல் நாள் இரவே பங்கிட்டு வைக்கலாம். ஆறு நாட்களும் சுமந்த தாயின் தோளில் அன்று எந்தச் சுமையும் ஏற்றாதிருப்பது வீட்டார் கடமை.

இத்தகைய நடையினால் பிள்ளைகள் பெறும் கல்வியும் உண்டு. டயகமப் பிள்ளை நாள்தோறும் காணும் நீர் மகாவலியின் தலைநீர்களுள் ஒன்று. ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவோடு சேர்கிறது. 2012ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நிலையத்தில் அது மின்சாரமாகிறது. பின்னர் மகாவலியோடு கலந்து, கண்டியைச் சுற்றி, விக்டோரியா நீர்த்தேக்கத்தை நிரப்பி, உலர்வலய வயல்களுக்கு ஊட்டமளித்துத் திருகோணமலைக்கருகே கடலை அடைகிறது. 335 கிலோமீற்றர் நீளமான நாட்டின் மிகப்பெரும் ஆற்றுக்குத் தன் ஊரும் நீர் தருகிறது என்பதைக் கரையில் நின்று கேட்கும் பிள்ளை, தன் ஊரை ஒதுங்கிய மூலையென்று எண்ணாது. பாட்டியும் தன் பங்குக்கு, இந்த மலைக்கு அந்நாளில் என்ன பெயர், இந்தப் பாலம் வருமுன் ஆற்றை எவ்வாறு கடந்தனர் என்று சொல்லி வரலாம். அவளுடைய மெதுவான நடைக்கு ஏற்பப் பிள்ளைகளும் நடந்தால்தான் அக்கதைகள் முழுமையாகக் காதில் விழும்.