கையும் காலும் கற்க வேண்டும்



கல்வி கண்ணுக்கும் நாவுக்கும் மட்டும் உரியதன்று. கையும் காலும் மூச்சும் கற்க வேண்டியவை பல உள. அவற்றை ஏட்டில் எழுதி மதிப்பெண் பெறுதல் இயலாது. செய்து செய்தே பெறல் வேண்டும். ஆயினும், பள்ளியில் தொழில் என்றதும் தமிழர் நெஞ்சம் ஐயுறுகின்றது. அவ்வையத்திற்குத் தக்க காரணமும் உண்டு.

1953இல் முதலமைச்சர் இராசாசி சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொணர்ந்தார். பிள்ளைகட்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குயவர் மகன் திகிரிக்கும், வண்ணார் மகன் துறைக்கும் திரும்புக என்பதன்றி இதற்கு வேறு பொருள் யாது? குலக்கல்வித் திட்டமெனப் பெயரிட்டுப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் எதிர்த்தனர். 1954 ஏப்பிரலில் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. 2020இல் இந்திய அரசின் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதலே தொழிற்பயிற்சி என்றபோதும் பழைய ஐயம் மீண்டும் எழுந்தது.

அன்று தமிழர் எதிர்த்தது, தொழிலைப் பிறப்போடு பிணித்த கட்டை. தொழிலை அவர் வெறுத்தாரல்லர். எனவே அக்கட்டு அறுந்தபின், எல்லாத் தொழிலும் எல்லார் பிள்ளைக்கும் பொதுவாதல் வேண்டும். நெசவாளர் மகள் நூல்நிலையம் புகுக. எழுத்தர் மகன் தறியில் அமர்க!

தறி என்றதும் உறையூர் நினைவில் எழும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கிரேக்க மொழியில் எழுந்த கடல்வழிக் குறிப்பொன்று, 'அர்கரு' என்னும் உள்நாட்டு ஊரின் மெல்லிய துணியைச் சொல்கின்றது; அவ்வூர் உறையூரே என்பர் அறிஞர். அங்கு நிகழ்ந்த அகழாய்வில் சாயத்தொட்டியும் வெளிப்பட்டது. இத்தகு ஊரின் அருகிருந்து பயிலும் மாணவன் பாவு எது, ஊடை எது என அறியாதிருத்தல் தகுமோ? மிதியைக் கால் அழுத்தப் பாவு பிளந்து வழிவிடும். அவ்வழியே நாடா ஓடும். அச்சு ஊடையை நெருக்கும். காலும் கையும் கண்ணும் ஒருங்கே இயங்க, எண்ணும் அளவும் தாமே படியும். ஒரு முழம் நெய்தவன் எந்நாளும் நெசவாளரை இழிவாய் நோக்கான்.

இனித் திருவரங்கத்தை நோக்குங்கள். முக்கொம்பில் ஆறு பிரிகின்றது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டும் கல்லணை அருகே மீண்டும் நெருங்குகின்றன. இடைப்பட்ட தீவே திருவரங்கம். ஆடிப்பெருக்கிற்கு அம்மா மண்டபத் துறையில் மக்கள் திரள்கின்றனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊரில் பிள்ளை நீந்தத் தெரியாது வளர்தல் எத்துணைத் தீங்கு! நீரின் முன்னே மதிப்பெண் பட்டியல் துணை நில்லாது.

முன்னோர் சுரைக்குடுக்கையை உடலிற் கட்டி நீந்தப் பழக்கினர். மணல் அள்ளிய பள்ளங்கள் மறைந்து கிடக்கும் இந்நாளில் ஆற்றில் தொடங்குதல் ஆகாது. காவலுள்ள குளத்தில், தேர்ந்த ஆசிரியர் அருகிருக்க, படிப்படியே பழக்குக. முதலாவது, இடுப்பளவு நீரில் முகம் அமிழ்த்தி மூச்சை விடுதல், அடுத்து, கரை பற்றிக் கால் உதைத்தல், பின்னர் மல்லாந்து மிதத்தல், இறுதியிற்றான் கைவீச்சு. அதனோடு, தத்தளிப்பாரைக் கண்டால் உடனே குதியாது, கயிறோ கழியோ வேட்டியோ வீசி இழுக்கவும் கற்பிக்க வேண்டும். காப்பாற்றப் போனவரும் மாண்டார் என்னும் செய்தி அப்போது குறையும்.

இப்பயிற்சிக்கெல்லாம் மொழி யாது? உடல், கேட்ட நொடியே இயங்க வேண்டும். பொருள் தேடி நிற்க நேரமில்லை. 1968 சனவரி 23இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேற்றியபோது, மாணவர் படையில் இந்தி ஆணைச் சொற்கள் நீங்க வேண்டும் என்றும் கேட்டது. இந்தியை விலக்கிய வாய் 'அட்டென்சன்' என்று கூவுவதும் பொருந்துமோ? 'நேர் நில்', 'எளிதாய் நில்', 'வலம் திரும்பு' என்றால் எப்பிள்ளைக்குக் கால் நகராது? உளி, இழைப்புளி, வாள், துரப்பணம் எனத் தச்சுக்கருவிப் பெயர்கள் தமிழில் நிறைந்துள்ளன. கருவியைத் தொடும் கை அதன் பெயரையும் தொடட்டும்.

பெற்றோரே! பள்ளியில் மதிப்பெண்ணைக் கேட்பதோடு, என் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா, ஒரு பலகையை நேராய் அறுக்கத் தெரியுமா என்றும் கேளுங்கள். ஆசிரியர்களே! விளையாட்டு வேளையைப் பிற பாடங்கட்குக் கடன் கொடாதீர்கள். பிறப்பு விதித்த தொழில் ஒழிக! பள்ளி கற்பிக்கும் தொழில் வளர்க! அது தமிழிலேயே வளர்க!