‘அந்த’ விளம்பரமும் ‘எல்லா’ விளம்பரங்களும்

2004ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலை நாம் மொழியியல் நோக்கில் காண்போம். வியட்நாம் போரில் ஜான் கெரி ஆற்றிய பணியைப் பழித்து முன்னாள் போர்வீரர் குழு ஒன்று விளம்பரம் வெளியிட்டது. புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த மெக்கேயினே அதனை நேர்மையற்றது என்றார். புஷ்ஷோ, வெளிக்குழுக்களின் எல்லா விளம்பரங்களும் நிற்க வேண்டும் என்றார். செய்தியாளர் துருவியபோதும், ‘அந்த’ என்னும் சுட்டு முற்றும்மைக்குள் கரைந்துபோயிற்று. இலக்கண வகுப்பில் நாம் எளிதாகக் கடந்துவிடும் உம்மைதான் அது! அக்குழுக்கள் வேட்பாளரோடு கலந்து செயற்படச் சட்டம் இடந்தராது. ஆதலால் ‘எம்முடையதன்று’ எனலாம். கேட்கப்பட்டதோ உரிமை அன்று, கருத்து.

கெரியின் பக்கம் நின்ற மூவ்ஆன் குழு, தேசியக் காவற்படையில் புஷ் ஆற்றிய பணியைத் தாக்கியது. கெரி அவ்விளம்பரத்தைச் சுட்டியே தகாதது என்றார். ஆயினும், மெக்கேயின் கருத்துக்கு உடன்படுவதாகவே அதனைச் சொன்னார்.