வண்டி வீட்டில் நீர் குறைவது ஏன்?

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில், சக்கரங்களின் மீது அமைந்த வீட்டோடு சென்று தங்குவோர் பலர். அவர்களுக்கு உயிர்நாடி, வண்டியின் நன்னீர்த் தொட்டியே. பல இடங்களில் குழாயும் இல்லை, கிணறும் இல்லை. 40 கேலன், அதாவது ஏறத்தாழ 151 லிட்டர், நிரப்பிச் சென்றவர், மறுநாட் காலையில் அது பாதியாகியிருக்கக் கண்டால் என் செய்வது?

அளவுகாட்டியை மட்டும் நம்புதல் ஆகாது. அதன் முனைகளில் படிவு சேர்ந்தால் அது பொய்யுரைக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தொட்டியை நிரப்பி, பம்பை நிறுத்தி, ஓரிரவு விட்டுவைக்க வேண்டும். நீர் குறைந்தால், குற்றம் தொட்டியிலோ, அதன் வடிகால் திருகிலோ, அடியிணைப்பிலோ உள்ளது.

குறையவில்லையெனில், குழாய்களையெல்லாம் மூடிவிட்டுப் பம்பை முடுக்க வேண்டும். அது இடையிடையே தானே ஓடினால், அழுத்தம் தாங்கும் குழாய்களில் எங்கோ கசிவு உண்டு. வெந்நீர்க் கலனையும் கழிப்பறை இணைப்பையும் ஆராய்தல் வேண்டும். வெளிநீர் இணைப்பு வாய் சொட்டினால், எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வு பழுதுற்றது.

நிற்கும்போது குறையாமல், ஓடும்போது மட்டும் குறைந்தாலோ, குலுங்கும் நீர் வழிகுழாயில் ஏறி வெளியேறுகின்றது. அக்குழாயை உயர வளைத்துக் கட்டலாம். அடைத்தே விடலாகாது, தொட்டிக்குக் காற்று வரும் வழியும் அதுவே.

இச்சோதனைகளைப் புறப்படுமுன் வீட்டு வாயிலிலேயே செய்துவிடுதல் நன்று. பாலையில் செய்யப் புகுந்தால், சோதிப்பதற்கும் நீர் இராது.