இலவசம் என்னும் தூண்டில்



குற்றாலச் சாரல் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. கைப்பேசியில் வரும் ‘ஒரு மாதம் இலவசம்’ அத்தகையதன்று. தானாகப் பணம் எடுக்க ஒருமுறை இசைவளித்துவிட்டால், மாதம் முடிந்ததும் கணக்கில் கை வைப்பர். தென்காசியில் நம் மாணவர் ஒருவரின் உதவித்தொகை இவ்வாறே கரைந்ததை நாம் கண்டோம்.

சிறு தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்பதில்லை. எனினும், 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தல் வேண்டுமென்பது 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி. அவ்வறிவிப்பைப் படியுங்கள். செயலியை நீக்கினால் போதாது. இசைவையே ரத்துச் செய்தல் வேண்டும். ‘சந்தாப் பொறி’யை 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்தது, முறையிட 1915 எண் உண்டு.

எழுத்தறியாத நம் பாட்டன்மார் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலமிழந்தனர். கற்ற நாம், படியாது விரல் பதிக்கலாமா?