அபிமானமும் தீர்ப்பும்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ, மாலை மைதானத்தில் நம் கழகம் தோற்றால் குற்றம் மத்தியஸ்தருடையது என்போம். இவ்வபிமானம் இனியது, ஆயினும் நீதிபதியின் ஆசனத்தில் அமரத் தகுந்ததன்று.

2005ஆம் ஆண்டில், இந்தியத் துடுப்பாட்ட அணியின் பயிற்றுநர் கிரெக் சப்பல், அணித்தலைவர் கங்குலியைக் குறைகூறி எழுதிய மின்னஞ்சல் வெளியாயிற்று. கங்குலி தலைமையை இழந்தார். அணியில் இடத்தையும் இழந்தார். அவ்வாண்டு நவம்பரில், அவருடைய சொந்த ஊராகிய கொல்கத்தாவின் இரசிகர்கள் தென்னாபிரிக்காவுக்காக ஆரவாரித்தனர். குற்றச்சாட்டின் மெய்ம்மையை அங்கு ஆராய்ந்தவர் எத்தனை பேர்? 2007 உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியா முதற்சுற்றிலேயே வெளியேற, சப்பலும் விலகினார். அணி வென்றிருந்தால் அவரைப் பலர் போற்றியிருப்பர். மின்னஞ்சலிலோ ஓரெழுத்தும் மாறியிராது.

நாளை, நம் கழகத்துக்குக் கிண்ணம் பெற்றுத்தந்த பயிற்றுநர்மீது ஒரு சிறுவன் முறையிட்டால், நாம் கிண்ணத்தை நோக்குவோமா, சிறுவனின் முகத்தை நோக்குவோமா? முதலில் செவிகொடுப்போம்; விசாரித்த பின்னரே தீர்ப்புக் கூறுவோம்.